வேப்பிலை கட்டாத அறைகள்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.” தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் சுகாதாரம் பற்றிய கட்டுரையை இந்தப் பழமொழியோடுதான் தொடங்கியிருப்போம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் பயிற்சி செய்த ஆண்டில் நானும் இதை எத்தனையோ முறை எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு மையில் ‘நன்று’ வாங்கியிருக்கிறேன். அதே பள்ளியின் பரிசளிப்பு விழாவில் இன்னொன்றும் வாங்கினேன். அது முழு வருகைக்கான சான்றிதழ். ஓராண்டு மட்டுமல்ல, நான்கு ஆண்டுகள் வாங்கினேன்.

அந்த நான்கு ஆண்டுகளில் எனக்குக் காய்ச்சலே வரவில்லையா? வந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பனடோல் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவைப்பார். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த பிள்ளை அந்த ஆண்டுகளில் எத்தனை நாள் காய்ச்சலில் படுத்தாள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இன்று நான் மூன்றாம் ஆண்டு மாணவி. 2025 அக்டோபரில் நாடெங்கும் இன்புளுவென்சா பரவியபோது, சுமார் 6,000 மாணவர்களுக்கு அந்நோய் கண்டிருப்பதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. சில பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் விடுதியிலும் இரவு முழுவதும் இருமல் சத்தம் கேட்டது. ஆனால், ‘எனக்குக் காய்ச்சல்’ என்று வாய் திறந்து சொன்னவர்கள் மிகச் சிலரே. பல்கலைக்கழக வளாகத்தில் தொற்றுநோயை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்குக் கிருமிநாசினி, முகக்கவரி, தடுப்பூசி என்று பலரும் பதில் சொல்வார்கள். அவை எல்லாம் தேவைதான். ஆனால், அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒன்று உண்டு. நோய் கண்டவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டுமானால், சொல்வதால் அவருக்கு நட்டம் வரக்கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவு ஒரு சனிக்கிழமை நடந்தது. நாடகத்தில் எனக்குத் தாய் வேடம். அந்த வாரத் திங்கட்கிழமை இரவு உடம்பு வலித்தது, தொண்டை கரகரத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல காய்ச்சல். அன்று ஒரு பாடத்திற்கு 20 விழுக்காட்டு மதிப்பெண் கொண்ட சோதனை இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே மறுசோதனை என்று அந்த விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுச் சோதனை எழுதினேன். மாலையில் ஒத்திகை. நான் போகாவிட்டால் நாடகமே நின்றுவிடும் என்று நினைத்தேன். குளிர்சாதன அறை, மூடிய சன்னல்கள், இருபது பேர். கைக்குக் கை மாறிய ஒரே தண்ணீர்ப் போத்தல்.

வியாழக்கிழமை ஆறு பேர் இருமினார்கள். மேடைப் பொருள்களைச் சுமந்துகொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் அவளுக்கு மூச்சுத் திணறியது. விடுதிக் காப்பாளரின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே மூன்று இரவுகள் தங்கினாள். சனிக்கிழமை நாடகம் சிறப்பாகவே நடந்தது. இறுதியில் அறிவிப்பாளர், “காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் மேடையேறிய நம் சகோதரி” என்று என்னைக் குறிப்பிட்டார். மண்டபம் கைதட்டியது. நானும் கைகூப்பி நின்றேன். எனக்கு நான்காம் ஆண்டில் வாங்கிய சான்றிதழ் நினைவுக்கு வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள், “உங்களுக்கும் காய்ச்சலாமே அக்கா, இப்ப எப்படி இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டாள்.

என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், இன்புளுவென்சா கண்டவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்பத் தொடங்குகிறார். அறிகுறி தோன்றிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை பரப்பக்கூடும். முதல் சில நாள்களில்தான் அது மிக எளிதாகப் பரவும். பனடோல் காய்ச்சலைத்தான் தணிக்கும்; கிருமியைத் தடுக்காது. மாத்திரையின் உதவியால் உடல் குளிர்ந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்பிவிடுகிறோம். மருந்தின் துணையில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்த பிறகுதான் நாலு பேர் நடுவே போகலாம் என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவான அறிவுரை. அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன் என்பதுதான் உண்மை.

ஏன் போயிருப்பேன் என்று யோசித்தபோது பாட்டியின் நினைவு வந்தது. என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பெயர் பதியாவிட்டால் அன்றைய கூலி இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டுமானால் தோட்டத்து டிரஸரிடம் சீட்டு வாங்க வேண்டும். ‘சாக்குச் சொல்கிறாயா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, காய்ச்சல் கண்டால் பாட்டி துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவாராம். “பேரு விழணுமே, வேற என்ன செய்றது?” என்பார்.

அதே லயத்தில் அம்மை நோய் கண்டால் கதையே வேறு. ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் எவரும் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். நோய் கண்டவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு, இளநீர், கூழ். கொப்புளங்கள் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவர் வெளியே வர மாட்டார். வேப்பிலை நோயைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை நோய் பரவும் என்பது மருத்துவ உண்மை. நம் மக்களின் வழக்கமும் ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே அமைந்திருந்தது.

ஒரே லயம், அதே மனிதர்கள். ஒரு நோயை வாசலில் இலை கட்டி ஊருக்கே அறிவித்தார்கள். இன்னொரு நோயைத் தலைத்துண்டுக்குள் மறைத்தார்கள். அம்மை என்று சொன்னவருக்கு மரியாதையும் கவனிப்பும் கிடைத்தன. காய்ச்சல் என்று சொன்னவருக்குக் கூலி போயிற்று, சந்தேகம் மிஞ்சியது. எந்த நோய் வெளியே வரும், எந்த நோய் ஒளிந்துகொள்ளும் என்பதைக் கிருமி மட்டும் முடிவு செய்வதில்லை. சொன்னவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இன்றைய வளாகம் இந்த இரண்டில் எதைப் போல் இருக்கிறது? பெரட்டுக்களத்தைப் போல்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பல பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாதவர் இறுதித் தேர்வு எழுதத் தடை விதிக்கப்படலாம். அடுத்த ஆண்டு விடுதியில் அறை கிடைக்க வேண்டுமானால் நடவடிக்கைகளில் கலந்துகொண்டு புள்ளி சேர்க்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் வாங்க, காய்ச்சலோடு எழுந்து பேருந்து ஏறி, மற்ற நோயாளிகளோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். கடைசியில் குழுவினரின் முகச்சுளிப்பு வேறு. ‘அவளுக்கு எப்போதும் இப்படித்தான்’ என்ற பெயரும் வந்துவிடும். இத்தனையும் இருக்கும்போது பனடோல் மலிவானது, எளிதானது.

இன்புளுவென்சாவாவது ஒரு வாரத்தில் போய்விடும். காசநோயை எண்ணிப் பாருங்கள். 2022இல் மட்டும் மலேசியாவில் 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டது. அது பழங்காலத்து நோய் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முறையாக மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் சுமார் இரண்டு வாரங்களில் பிறருக்குப் பரப்பும் நிலையைக் கடந்துவிடுவார்கள். குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர்ந்தால் குணமும் அடைவார்கள். ஆனால், இரண்டு வாரத்திற்கு மேல் இருமிக்கொண்டிருக்கும் ஒரு மாணவன், ‘சொன்னால் அறைத்தோழன் வேறு அறைக்கு ஓடிவிடுவான், வீட்டில் அக்காவின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும்’ என்று அஞ்சிப் பேசாமல் இருந்தால், அவன் மட்டுமல்ல, அந்த மாடியே பாதிக்கப்படலாம். மருத்துவம் தயாராக இருக்கிறது. வெட்கம்தான் வழியை மறிக்கிறது.

இதற்குச் சட்டம் போதாதா என்று கேட்கலாம். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட நோய்களைக் கண்டறியும் மருத்துவர் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். நோயாளியைத் தனிமைப்படுத்தவும் அதிகாரம் உண்டு. இச்சட்டம் தேவைதான். ஆனால், சட்டத்தின் கை மருத்துவரின் மேசையிலிருந்துதான் நீளும். மருத்துவரிடமே போகாமல் அறைக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனை அது எப்படிக் காணும்? தண்டனையைக் கூட்டினால் போர்வைதான் இன்னும் இறுகும்.

நம் வட்டாரத்தின் அண்மைய வரலாறும் இதையே காட்டுகிறது. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி, 33 பேரைப் பலிகொண்டது. வெப்பநிலை பார்ப்பதும் தனிமைப்படுத்துவதும் கடுமையாகவே நடந்தன. ஆனால், வீட்டிலேயே இருக்கும்படி ஆணையிடப்பட்டவர்களின் வருமான இழப்பை ஈடுகட்டும் திட்டமும் அதனோடு சேர்ந்தே வந்தது. ‘வீட்டில் இரு’ என்று சொன்ன அரசு, ‘சோற்றுக்கு என்ன செய்வாய்?’ என்றும் கேட்டது. அதைத்தான் நான் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

2009 மே மாதத்தில் எச்1என்1 நோய் மலேசியாவில் முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது ஒரு மாணவரிடம்தான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய 21 வயது இளைஞர். காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குப் போனதால், அவரோடு விமானத்தில் வந்தவர்களைத் தேடும் பணி உடனே தொடங்கியது. அவரும் என்னைப் போல் இரண்டு பனடோலோடு நண்பர்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தால், யாரைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

2020 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் விடுதிகளிலேயே முடங்கினார்கள். ஏப்ரல் இறுதியில்தான் அவர்களைக் கட்டங்கட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் எல்லாரையும் பேருந்தில் ஏற்றியிருந்தால், வளாகத்து நோய் அவரவர் தாத்தா பாட்டி வரை போயிருக்கும். ஆனால், அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் நேரடிப் பதிவைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு கடைசி நேரத்தில் வந்தது. விமானச் சீட்டுக்குப் பணம் கட்டி, பெட்டியோடு புறப்பட்டுவிட்ட மாணவர்கள் வழியிலேயே திண்டாடினார்கள். நான் அப்போது ஐந்தாம் படிவம். தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வை 2021 பிப்ரவரியில் முகக்கவரியோடு எழுதிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. முடிவு சரியாக இருந்தாலும் அதைச் சொல்லும் நேரம் தவறினால் நம்பிக்கை போய்விடும் என்பதை எங்கள் தலைமுறை அன்றே கற்றுக்கொண்டது. நம்பிக்கை போன இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவதாக, ஒரு பருவத்திற்கு இரண்டு முறையாவது, மருத்துவச் சான்றிதழ் இல்லாமலேயே ‘எனக்குக் காய்ச்சல்’ என்று மாணவர் தாமே அறிவித்து இரண்டு நாள் அறையில் ஓய்வெடுக்க அனுமதிக்க வேண்டும். அது வருகைக் கணக்கைப் பாதிக்கக்கூடாது. சோதனைகளுக்கு மறுசோதனை நாளைப் பருவத் தொடக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு விடுதியிலும் சில அறைகளை ஆண்டு முழுவதும் நோயாளிகளுக்கென ஒதுக்க வேண்டும். நோய் பரவிய பிறகு அறை தேடுவது, வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுவதற்குச் சமம். அங்கே மூன்று வேளையும் உணவு வர வேண்டும். கஞ்சி வாங்கக் கடைக்குப் போகும் நோயாளிதான் கடை முழுவதற்கும் நோயைக் கொடுக்கிறார்.

மூன்றாவதாக, எந்த விடுதியில் எத்தனை பேருக்கு என்ன நோய், மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற தகவல் ஒரே இடத்திலிருந்து அன்றன்றே வர வேண்டும். பெயர் மட்டும் வரக்கூடாது. நிர்வாகம் வாய் மூடியிருந்தால் வாட்ஸ்அப் வாய் திறக்கும். அதில் பெயர்தான் முதலில் வரும்.

நான்காவதாக, வளாகத்தை மூடுவதோ மாணவர்களை அனுப்புவதோ எதுவானாலும், போதிய அவகாசத்தோடும் காரணத்தோடும் சொல்ல வேண்டும். சபா, சரவாக் மாணவர்களுக்கு வீடு என்பது மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் அல்ல.

‘இப்படி வசதி செய்து கொடுத்தால் மாணவர்கள் சோம்பேறியாகிவிடுவார்கள்; பொய்க் காய்ச்சல் பெருகும்’ என்று சிலர் வாதிடுவார்கள். சிலர் அப்படிச் செய்யத்தான் செய்வார்கள்; நான் மறுக்கவில்லை. மறுசோதனைத் தாள் தயாரிப்பது விரிவுரையாளர்களுக்குக் கூடுதல் சுமை என்பதும் உண்மை. ஆனால், இரண்டு பக்கத்தையும் தராசில் வைப்போம். பொய்க் காய்ச்சலில் தூங்குபவன் தன் இரண்டு விரிவுரைகளை இழக்கிறான். உண்மைக் காய்ச்சலோடு வருபவள் ஓர் அறை முழுவதையும் படுக்க வைக்கிறாள். அன்று என் பொருட்டு ஒரு மறுசோதனைத் தாள் தயாரிப்பது பெரிய சுமையாக இருந்திருக்கும். மருத்துவமனையின் மூன்று இரவுகளை விடவா பெரிய சுமை?

நிர்வாகத்தை மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் கழகத்தில் எந்த விதியும் என்னை ஒத்திகைக்கு இழுக்கவில்லை. நாமாகவே வளர்த்துக்கொண்ட பெருமைதான் இழுத்தது. காய்ச்சலோடு ஆடிய அக்கா, இரண்டு இரவு தூங்காமல் அரங்கம் அமைத்த அண்ணன் என்று முன்னாள் மாணவர்களின் தியாகக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த உழைப்பின் மேல்தான் இக்கழகம் நிற்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், தூக்கத்தைத் தியாகம் செய்தால் அது நம்முடையது. காய்ச்சலோடு வந்து நின்றால் அங்கே தியாகமாவது பிறருடைய உடம்பு.

வரும் கலை இரவிலிருந்து சிலவற்றை நாம் நடைமுறைப்படுத்தலாம். ஒவ்வொரு முக்கிய வேடத்திற்கும் மாற்று ஆள் ஒருவர் பயிற்சி பெறட்டும். ‘இன்று முடியவில்லை’ என்ற ஒரு வரிச் செய்தி போதும்; காரணம் விசாரிக்க வேண்டாம். வராதவருக்கு இரவு உணவைக் கொண்டுபோய் அறை வாசலில் வைப்பது ஒருவரின் பொறுப்பாகட்டும். ஒத்திகை அறையின் சன்னல்கள் திறந்திருக்கட்டும். போத்தல் அவரவருக்கு ஒன்று. மேடையில் இனி எவருடைய காய்ச்சலையும் புகழ வேண்டாம்.

இக்கட்டுரையை ஆசிரியர் குழுவிடம் கொடுப்பதற்கு முன், மருத்துவமனையில் கிடந்த அந்தத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுத அவளுடைய அனுமதி வேண்டும், மன்னிப்பும் வேண்டும். ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததை நேரில் சொல்ல நா எழாததால், தாளில் எழுதிக் காட்டினேன் என்பதே சரி. படித்து முடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

“எனக்கும் வியாழக்கிழமையே காய்ச்சல் அடிச்சுதுக்கா. மூச்சும் கொஞ்சம் இழுத்துச்சு. சொன்னா என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுருவீங்களோன்னு பயந்து சொல்லல” என்றாள்.

அவளுக்கு வசனம்கூட இல்லை. மேடைப் பொருள்களைத் தூக்கி வைக்கும் வேலை மட்டும்தான். முதலாம் ஆண்டில் கிடைத்த அந்தச் சிறிய இடத்தையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சி, மூச்சுத் திணறும் வரை அவள் வாய் திறக்கவில்லை. நான் பெருமைக்காக மறைத்தேன். அவள் பயத்தால் மறைத்தாள். இருவருமே ஒரே அறையில்தான் இருந்தோம்.

“போடுங்கக்கா, இதையும் சேர்த்துப் போடுங்க” என்று அவள் சொன்னதால் இதையும் சேர்த்திருக்கிறேன்.

அன்பர்களே, இந்த ஆண்டிதழ் உங்கள் கைக்கு வரும் வேளையில் ஏதாவது ஒரு விடுதி அறையில் யாராவது ஒருவர் பனடோல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் நம் தம்பியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம். ‘நீ படுத்துக்கொள், உன் இடம் உனக்குத்தான்’ என்று அவரிடம் முதலில் சொல்பவர் நாமாக இருப்போம். நம் பாட்டிமார் வாசலில் வேப்பிலை கட்டிச் செய்ததும் அதுதான்.